கிரேக்கத் தீவில் நண்பர்களோடு ஒரு வாரம்: எந்தத் தீவு, எந்த மாதம், எந்த வீடு?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் காலத்து நண்பர்கள் எட்டுப் பேர். ஆறு பேர் சென்னையில், இருவர் லண்டனில். எல்லாருக்கும் நாற்பது வயதை ஒட்டி. கிரேக்கத் தீவில் ஒரு வில்லா எடுத்து, சமைத்து, நீந்தி, பேசி, தூங்கி ஓய்வாக இருக்க வேண்டும் என்பது ஆசை. பத்து நாள் விடுப்பு. சாண்டோரினி, மிகோனோஸ், நக்சோஸ், கிரீட் நான்கையும் பார்த்துவிட முடியுமா, எந்த மாதம் போகலாம், இருவர் சைவம், மூவருக்கு நீச்சல் தெரியாது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்கு தீவுகளையும் பார்க்க முடியும். ஆனால் அது ஓய்வாக இருக்காது. தீவு மாறும் ஒவ்வொரு நாளையும் எண்ணிப் பாருங்கள். காலை பத்து, பதினோரு மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெட்டிகளோடு துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும். கப்பல் தாமதமாக வரும். அடுத்த தீவில் வீட்டுச் சாவி கிடைக்க மாலை மூன்று, நான்கு ஆகும். பிறகு இன்னொரு கார், இன்னொரு கடை, உப்பு எங்கே சர்க்கரை எங்கே என்று இன்னொரு சமையலறை. பத்து நாளில் மூன்று முறை இதைச் செய்தால் விடுப்பில் மூன்றில் ஒரு பங்கு பெட்டி தூக்குவதிலேயே போய்விடும். ஒரே தீவு, ஒரே வீடு, ஏழு இரவுகள் என்பதே என் திடமான கருத்து. மிச்ச நாட்கள் பயணத்துக்கும் ஏதென்ஸுக்கும் சரியாக இருக்கும்.

எந்தத் தீவு என்று கேட்டால் நக்சோஸ் என்பேன். சாண்டோரினியின் எரிமலை விளிம்பு உலகத்தில் வேறெங்கும் இல்லாத காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அந்த விளிம்பில் இருக்கும் வீடுகள் செங்குத்துப் படிகளில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருப்பவை. கடல் எதிரே தெரியும், இறங்கிக் கால் நனைக்க முடியாது. கூட்டம் தாங்காமல்தான், சொகுசுக் கப்பல்களில் வந்து இறங்குவோரை நாளுக்கு 8,000 பேர் என்று அங்கே வரையறுக்க வேண்டியிருந்தது. மிகோனோஸ் இரவுக் கொண்டாட்டத்துக்கும் பணம் செலவழிக்கவும் உள்ள ஊர். கிரீட் தனி நாடு மாதிரி, கிழக்கு மேற்காக சுமார் 260 கிலோமீட்டர் நீளம்; அதற்கு இன்னொரு விடுப்பு எடுங்கள்.

நக்சோஸ் சைக்ளேடீஸ் என்ற தீவுக் கூட்டத்தில் மிகப் பெரிய தீவு, ஏறக்குறைய 430 சதுர கிலோமீட்டர். நடுவில் சாஸ் மலை ஆயிரம் மீட்டரைத் தொட்டு நிற்கிறது. மேகத்தை மறித்து நிறுத்தும் அந்த மலையால்தான் பக்கத்துத் தீவுகள் காய்ந்து கிடக்கும்போது இங்கே உருளைக்கிழங்கு விளைகிறது, மாடு மேய்கிறது, பாலாடைக்கட்டி ஆகிறது. உழவும் மேய்ச்சலும் இருந்ததால் சுற்றுலா ஒன்றையே நம்பி வாழும் கட்டாயம் இந்தத் தீவுக்கு வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. விமான நிலையத்தின் ஓடுபாதை வெறும் 900 மீட்டர்தான். ஏதென்ஸிலிருந்து வரும் சிறிய விசிறி விமானங்கள் மட்டுமே அதில் இறங்க முடியும். லண்டனிலிருந்தோ பெர்லினிலிருந்தோ நேராக வந்து இருநூறு பேரைக் கொட்டும் விமானங்களுக்கு வழியில்லை. ஜூலை, ஆகஸ்டில் இங்கேயும் கூட்டம் உண்டு. இருந்தாலும் ஊர் இன்னும் ஊராக இருப்பதற்கு இந்தக் குட்டி ஓடுபாதைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நீச்சல் தெரியாத மூவரை நினைத்தாலும் நக்சோஸ்தான் வருகிறது. தலைநகரான ஹோராவை ஒட்டிய அகியோஸ் யோர்கியோஸ் கடற்கரையில் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. நம் கிழக்குக் கடற்கரையில் காலை இழுக்கும் அலைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறு உலகம். பக்கத்திலேயே உள்ள அகியோஸ் ப்ரோகோபியோஸ் மிக அழகானது, ஆனால் நாலடி வைத்ததும் ஆழமாகிவிடும். நீந்தத் தெரிந்தவர்களுக்கு அது.

வெண்மணல் வேண்டாம், பச்சை மரங்கள் வேண்டும், காற்று குறைவாக இருக்க வேண்டும் என்றால் மேற்கே அயோனியன் கடலுக்குப் போக வேண்டும். அங்கே பாக்சோஸ் சின்னஞ்சிறு தீவு, வெனிஸ் ஆட்சிக் காலத்து ஒலிவத் தோப்புகள் நிறைந்தது. கோர்ஃபுவில் இறங்கிப் படகில் போக வேண்டும். லெஃப்கடாவுக்குப் பாலம் உண்டு, கப்பல் தொல்லையே இல்லை. கெஃபலோனியாவின் கடற்கரைகள் அற்புதம். ஆனால் 1953 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் பழைய ஊர்கள் பெரும்பாலும் தரைமட்டமாயின, ஃபிஸ்கார்டோ போல ஓரிரு இடங்களே தப்பின. பழங்காலத் தெருக்களில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். உங்கள் குழுவில் இருவர் லண்டனில் இருப்பதால் அயோனியன் தீவுகளுக்கு நேரடி விமானம் கிடைக்கும் வசதியும் உண்டு. என்றாலும் ஆறு பேர் ஏதென்ஸ் வழியாகத்தான் வரப்போகிறீர்கள், நக்சோஸே எளிது.

மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நக்சோஸ் இருக்கும் ஈஜியன் கடலில் கோடையை ஆள்வது காற்று. மெல்தெமி என்று பெயர். வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்று. ஒரு மேகம்கூட இல்லாத நீல வானத்தின் கீழ் மூன்று நாள், நான்கு நாள் விடாமல் வீசும். மேசை விரிப்பு பறக்கும், மணல் கண்ணில் அறையும், கடலில் வெள்ளை நுரை எழும். பால்கன் நாடுகளின் மேல் உயர் அழுத்தமும் துருக்கியின் மேல் தாழ்வழுத்தமும் நிலைகொள்ளும்போது இரண்டுக்கும் நடுவே ஈஜியன் வழியாகப் பாய்கிறது இந்தக் காற்று. அந்தத் தாழ்வழுத்தம், தென்னாசியாவின் பருவமழையை இழுத்துவரும் பெரும் தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சி. நம்மூரில் ஆடிக்காற்று அம்மியைப் பறக்கவைக்கும் அதே வாரங்களில் அங்கே மெல்தெமி உச்சத்தில் நிற்பது தற்செயல் அல்ல. இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

அதனால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை வேண்டாம். அப்போது வாடகை உச்சம், கூட்டம் உச்சம், காற்றும் உச்சம். ஆகஸ்ட் 15 தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். ஏதென்ஸே தீவுகளுக்கு இடம் பெயர்ந்துவிடும், கப்பலில் இடம் கிடைக்காது. ஜூன் முதல் மூன்று வாரம் நல்லது. பகல் நீளம், சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகும், மலையில் இன்னும் பசுமை மிச்சமிருக்கும். ஆனால் எனக்கு செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து மாத இறுதி வரை உள்ள நாட்கள்தான் பிடித்தவை. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போது ஜூனைவிட வெதுவெதுப்பாக இருக்கும். காற்று தணியத் தொடங்கியிருக்கும். அத்தியும் திராட்சையும் கனிந்திருக்கும். ஐரோப்பாவில் பள்ளிகள் திறந்துவிடுவதால் குழந்தைக் குடும்பங்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். அக்டோபர் பாதிக்குமேல் கடற்கரை உணவகங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கும், ஆகவே அதற்குமேல் தள்ளிப்போட வேண்டாம்.

இனி வீடு. இந்த விடுமுறையின் நல்லது கெட்டது எல்லாம் வீடு எங்கே இருக்கிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது. படங்களில் எல்லா வில்லாவும் வெள்ளைச் சுவர், நீலக் குளம், காகிதப்பூக் கொடி என்று ஒன்றுபோலத் தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியது வரைபடத்தை. கடற்கரைக்கு, ஒரு ரொட்டிக் கடைக்கு, குறைந்தது ஒரு உணவகத்துக்குக் கால்நடையாகப் போக முடிகிறதா? முடிந்தால் எட்டுப் பேரும் சுதந்திரமாக இருப்பீர்கள். சீக்கிரம் விழிப்பவர் தனியே போய் நீந்திவிட்டு ரொட்டி வாங்கி வருவார். இரவில் ஒரு கோப்பை மது குடித்தவர் கார் ஓட்டுவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியதில்லை. மலைச்சரிவில் தனித்து நிற்கும் வில்லாவுக்குக் காட்சி பிரமாதமாக இருக்கும்; ஆனால் ஒரு பால் பாக்கெட்டுக்குக்கூட கார் சாவியைத் தேட வேண்டும், ஓட்டத் தெரிந்த இருவர் மட்டும் வாரம் முழுக்கச் சாரதிகளாகிவிடுவார்கள். மூன்றாம் நாளே மனத்தாங்கல் வந்துவிடும். நண்பர்கள் கூட்டுப் பயணங்கள் பலவற்றில் கசப்பு தொடங்கும் இடம் இதுதான்.

நக்சோஸில் இந்தக் கணக்குக்குப் பொருந்தும் பகுதி அகியா அன்னாவிலிருந்து பிளாக்கா வரையிலான மேற்குக் கரை. பிளாக்கா நான்கு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் மணல்; தெற்கே போகப் போகச் சாய்வு நாற்காலிகள் குறைந்து வெறும் மணலும் மணற்குன்றுமாக இருக்கும். கோடையில் ஹோராவிலிருந்து அடிக்கடி பேருந்து வரும். அதற்கும் தெற்கே மிக்ரி விக்லா காற்றில் பட்டம் கட்டிச் சறுக்குகிறவர்களின் ஊர். காற்றுக்காகவே வருகிற இடம் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. இன்னும் தெற்கே அலிக்கோ முனையில் ஜூனிப்பர் காட்டுக்கு நடுவே சின்னச் சின்ன விரிகுடாக்கள் உண்டு, ஒருநாள் போய்வர நல்ல இடம்.

நீச்சல் குளம் உள்ள வீடுதான் வேண்டும் என்று உங்களில் யாராவது சொல்லியிருந்தால் மறுபடி யோசிக்கச் சொல்லுங்கள். சைக்ளேடீஸ் தண்ணீர்ப் பஞ்சத் தீவுகள். 2024 கோடையில் நக்சோஸின் நீர்த்தேக்கங்கள் வறண்டன. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை அவசரமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறி உருளைக்கிழங்கு விவசாயிகள் பெரிதும் நொந்துபோனார்கள். ஐந்து நிமிட நடையில் உலகத்தின் மிகத் தெளிவான கடல்களில் ஒன்று இருக்கும்போது தனிக் குளம் எதற்கு? குளமில்லாத வீடு வாடகையிலும் குறையும், அந்தப் பணத்தில் கடலுக்கு இன்னும் நெருங்கலாம். குளிக்கும் நேரத்தையும் சுருக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த ஊர்க்காரர்களான நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரரிடம் முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை சில உண்டு. விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். குறுகிய கால வாடகை வீடு எதற்கும் கிரேக்க வரித்துறையின் பதிவு எண்ணோ சுற்றுலாத் துறையின் உரிம எண்ணோ கட்டாயம். எண் இல்லாத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். எட்டுப் பேருக்கு இடம் என்று போட்டிருந்தால் எத்தனை படுக்கையறை, எத்தனை கட்டில் என்று பிரித்துக் கேளுங்கள். கூடத்துச் சோபாவையும் இரண்டு ஆளாக எண்ணுவது அங்கே வழக்கம். நான்கு படுக்கையறை, குறைந்தது மூன்று குளியலறை வேண்டும். வெளியே உட்காரும் இடம் வடகாற்றுக்கு மறைவாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கப்போவது அந்த நிழல் பந்தலின் கீழேதான். வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் காற்றுத் திசையில் திறந்த முற்றம் என்றால் யாரும் வெளியே உட்கார மாட்டீர்கள். வாடகைக்கு மேல் தட்பவெப்ப நெருக்கடிக்கான அரசு வரி ஒன்றும் உண்டு: 2025 முதல், 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனி வீட்டுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இரவுக்கு 15 யூரோ. ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. போய் இறங்கியதும் கேட்பார்கள். ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம்.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கழிவறைக் காகிதத்தைக் கழிவறைக் கோப்பைக்குள் போடக்கூடாது, பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும். குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொள்ளும். கைத்தெளிப்பான் இருக்காது, ஆகவே ஒரு சின்னக் குவளை எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

விசா விஷயத்தில் சென்னைக்காரர்கள் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம்; செப்டம்பர் பயணத்துக்கு ஏப்ரல், மே மாதமே நேரம் பதிவு செய்துவிடுங்கள். கோடை நெருங்க நெருங்க இடம் கிடைக்காது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். வில்லா எடுக்கும் குழுக்கள் சறுக்குவது தங்குமிடச் சான்றில்: வீடு ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும், மற்ற ஏழு பேரிடம் எந்தக் காகிதமும் இருக்காது. எட்டுப் பேரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதிய உறுதிக் கடிதத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். லண்டன் நண்பர்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர்களுக்கும் விசா தேவை, அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வீட்டையே எடுங்கள்.

சென்னையிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி வழியாக ஏதென்ஸ். அங்கிருந்து விசிறி விமானம் என்றால் முக்கால் மணி நேரம். இருக்கையும் பெட்டி எடையும் குறைவு. எட்டுப் பேர் சேர்ந்து போக ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பல்தான் சரி. பெரிய கப்பல் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். விரைவுப் படகு மூன்றரை முதல் நான்கு மணி நேரம், விலை அதிகம், காற்றடித்தால் முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான். பெரிய கப்பலையே எடுங்கள். மேல்தளத்தில் காபியோடு உட்கார்ந்து, பாரோஸ் தீவில் வண்டிகள் இறங்கி ஏறுவதைப் பார்த்து, தூரத்தில் நக்சோஸின் பளிங்கு வாசல் தெரியும்போது எழுந்து நிற்பது இந்தப் பயணத்தின் ஒரு பகுதி. விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு எக்ஸ் 96 பேருந்து இரவும் பகலும் ஓடுகிறது. மெட்ரோவும் இப்போது துறைமுகம் வரை போகிறது. இரவு விமானத்தில் வந்திறங்கி அதே காலைக் கப்பலைப் பிடிக்க ஓடாதீர்கள். முதல் இரவை ஏதென்ஸிலோ பிரேயஸிலோ கழியுங்கள்.

கார் வேண்டும், ஆனால் தினமும் அல்ல. ஒன்பது இருக்கை வண்டி ஒன்றைவிடச் சிறிய கார் இரண்டு மேல். மலைக் கிராமத் தெருக்களில் பெரிய வண்டி திரும்பாது, எட்டுப் பேரும் எப்போதும் ஒரே இடத்துக்குப் போக வேண்டிய நெருக்கடியும் இருக்காது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தானியங்கி கியர் வண்டிகள் குறைவு, மாதங்களுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். கிரேக்கத்தில் சைவத்துக்கு என்ன கிடைக்கும் என்று பயப்படுகிறவர்கள் பலர். எனக்குத் தெரிந்த ஐரோப்பியச் சமையல்களில் நம் சைவ நாக்குக்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் நோன்பு நாட்கள் ஏராளம். இறைச்சி, முட்டை, பால் தவிர்த்து ஒரு முழுச் சமையலையே வீட்டுப் பெண்கள் பல தலைமுறையாக வளர்த்தெடுத்திருக்கிறார்கள். ஒலிவ எண்ணெயிலும் தக்காளியிலும் மெதுவாக வேகவைத்த காய்கறிகளுக்கு லதெரா என்று பொதுப்பெயர். பீன்ஸில் செய்தால் ஃபசோலாக்யா. வெண்டைக்காயில் செய்தால் பாமியேஸ். கத்தரி, சுரை வகை, உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்து அடுப்பில் சுட்டால் பிரியாம். மொச்சையைவிடப் பெரிய வெள்ளைப் பயறு கிகாந்தெஸ். மஞ்சள் பருப்பைக் கடைந்து வெங்காயமும் எலுமிச்சையும் ஒலிவ எண்ணெயும் விட்டுத் தருவது ஃபாவா. முதல் கரண்டியிலேயே வீட்டு நினைவு வந்துவிடும். தக்காளிக்குள் சோறு அடைத்த கெமிஸ்தா அருமையானது, ஆனால் சில வீடுகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: நோன்புச் சாப்பாடு என்பதற்கு அங்கே நிஸ்தீசிமோ என்று பெயர், அதில் கணவாய், இறால், எண்காலிக்கு அனுமதி உண்டு. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பி உங்கள் சைவ நண்பர்கள் தட்டை வாங்கிவிடக் கூடாது.

நக்சோஸின் சொந்தப் பொருள்கள் வேறு. கிராவியேரா என்ற பாலாடைக்கட்டி பெரும்பாலும் பசும்பாலில் ஆவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்க் காப்புரிமை பெற்றது. உருளைக்கிழங்குக்கும் அப்படியொரு காப்பு உண்டு. எந்த உணவகத்திலும் வறுத்த உருளைக்கிழங்கு கேளுங்கள். அது பெரும்பாலும் உறைபெட்டியிலிருந்து வந்ததாக இருக்காது, அன்று நறுக்கியது. மீன் சாப்பிடுகிறவர்கள் விலை கிலோவுக்கு என்பதை மறக்காமல், சமைக்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை.

எட்டுப் பேரும் தினமும் இரண்டு வேளை வெளியே சாப்பிட்டால் பணமும் போகும், அலுப்பும் வரும். காலையும் மதியமும் வீட்டில், இரவு வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, நல்ல தக்காளி, வெங்காயம், கெட்டித் தயிர் எல்லாம் பல்பொருள் அங்காடியில் கிடைக்கும். தயிர் வடிகட்டியது, தண்ணீர் விட்டுக் கலக்கினால் தயிர் சாதத்துக்குச் சரியாக வரும். ஊரிலிருந்து சாம்பார்ப் பொடி, பெருங்காயம், கடுகு, புளி, ஒரு சின்னக் குக்கர் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலைக்கும் பயிர்நலச் சான்று கேட்பார்கள். அந்த விதியிலிருந்து விலக்குப் பெற்ற பழங்கள் ஐந்தே ஐந்து, அவற்றில் வாழையும் தேங்காயும் இருப்பது நமக்கு ஆறுதல். குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். காபிக்கும் சோற்றுக்கும் பெரிய கேன்களாக வாங்கிவிடுங்கள்.

நாள் எப்படிப் போகும் என்று கேட்டால், தீவின் நேரத்துக்கு உங்களை ஒப்படைத்துவிடுங்கள் என்பேன். காலை எட்டு மணிக்கு முன் கடல் கண்ணாடித் தகடாக இருக்கும், காற்று எழும்பியிருக்காது. நீந்த வேண்டியது அப்போது. நீச்சல் தெரியாதவர்கள் இடுப்பளவில் நின்று மிதக்கக் கற்றுக்கொள்ளவும் அதுதான் நேரம். பாறை ஓரங்களில் முள்ளெலி போன்ற கடல் உயிர்கள் ஒட்டியிருக்கும், காலில் ரப்பர் செருப்போடு இறங்குங்கள். மதியம் வெயில் ஏறியதும் வீடு. பிற்பகல் மூன்று முதல் ஐந்தரை வரை கிரேக்கச் சட்டப்படியே அமைதி நேரம், கோடையில் இரவு பதினொன்றுக்கு மேலும் அப்படித்தான். அப்போது பாட்டுச் சத்தம் வைத்தால் பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிடலாம். தூங்குங்கள். ஆறு மணிக்கு மறுபடி கடல். இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்குப் போனால் ஊர்க்காரர்களோடு உட்காரலாம். ஏழு மணிக்குப் போனால் வெளியூர்க்காரர்கள் மட்டும் இருப்பார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் வெளியே கிளம்பினால் போதும். ஒரு நாள் மலைக்கு. சாங்ரி கிராமத்தில் வயல்களுக்கு நடுவே தெமெத்தர் கோயில் நிற்கிறது, கி.மு. 6ஆம் நூற்றாண்டு, முழுக்க நக்சோஸ் பளிங்கு. உழவுத் தெய்வத்துக்கு உழவு நிலத்திலேயே எழுப்பிய கோயில். அங்கிருந்து ஹால்கி. அந்த ஊரில் 1896 முதல் இயங்கும் வடிசாலையில் எலுமிச்சை இனத்துச் சிட்ரான் மரத்தின் இலையிலிருந்து கித்ரோன் என்ற மதுவைக் காய்ச்சுகிறார்கள். பச்சை நிறத்தில் இருப்பது இனிப்பு கூடியது, போதை குறைந்தது. பக்கத்தில் மோனி கிராமத்தை ஒட்டிப் பனாயியா ட்ரோசியானி என்ற குட்டிக் கற்கோயில், உள்ளே மிகப் பழைய பைசாந்தியச் சுவரோவியங்கள். தோள் மூடிய உடையில் போங்கள். மதிய உணவு அபிராந்தோஸில். தெருவே பளிங்கு பாவியது, படிகளும் பளிங்கு, வழுக்கும். நடக்கப் பிடித்த இருவர் ஃபிலோட்டிக்கு மேலேயுள்ள அகியா மரீனா சிற்றாலயத்திலிருந்து சாஸ் உச்சிக்கு ஏறலாம். இன்னும் வடக்கே அப்பொல்லோனாஸில் பத்து மீட்டருக்கும் நீண்ட பளிங்கு உருவம் ஒன்று குவாரியிலேயே பாதி செதுக்கிய நிலையில் படுத்திருக்கிறது, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக. அதைப் பார்க்கப் போகும் பாதை வளைவுகள் நிறைந்தது. வண்டியில் தலை சுற்றுகிறவர்களை வற்புறுத்தாதீர்கள்.

இன்னொரு நாள் மாலை ஹோரா. துறைமுகத்தின் முனையில், நடந்தே போகக்கூடிய ஒரு திட்டில், போர்த்தாரா என்ற ஒற்றை வாசல் நிற்கிறது. கி.மு. 530 வாக்கில் நக்சோஸை ஆண்ட லிக்டாமிஸ் காலத்தில் தொடங்கி முடியாமல் போன கோயிலின் மிச்சம். ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரம், ஒவ்வொரு கல்லும் பல டன். சூரியன் மறையும் நேரத்தில் கூட்டம் சேரும். அரை மணி முன்னதாகப் போய் உட்காருங்கள், பிறகு காஸ்த்ரோ என்ற கோட்டைப் பகுதியின் வெனிஸ் காலத்துச் சந்துகளில் வழி தவறி நடந்துவிட்டு அங்கேயே சாப்பிடுங்கள். கடல் அமைதியாக இருந்தால் கூஃபோனீசியா என்ற குட்டித் தீவுகளுக்குப் படகில் ஒரு நாள் போய்வரலாம். கட்டாயமில்லை.

நண்பர்களுக்குள் பேச வேண்டியதைப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். நல்ல அறை யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கலாம், அல்லது கடல் பார்த்த அறைக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு வைக்கலாம். பொதுச் செலவுக்கு ஒரே பை, முதல் நாளே ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுவிடுவது. மது குடிக்காதவர்கள் இருந்தால் மதுவுக்குத் தனிக் கணக்கு. சமையலுக்கு இருவர் இருவராக நாள் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சமைக்கத் தெரிந்தவர் அடுப்படியிலேயே வாரத்தைக் கழிப்பார். ஒரு நாள் முழுக்க யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் தனியே இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். இருபது வயதில் இரவு பகல் ஒன்றாக இருந்தவர்களுக்கும் நாற்பதில் இரண்டு மணி நேரத் தனிமை தேவைப்படும். அதைக் கேட்பவரைக் கோபித்துக்கொண்டவர் என்று எண்ண வேண்டாம்.

திரும்பும்போது ஊர் விமானத்துக்கு முந்தைய இரவை ஏதென்ஸில் வைத்துக்கொள்வது மிக முக்கியம். காற்று பலத்தால் கடலோரக் காவல் படை கப்பல்களை நிறுத்தி வைக்கும். வேலைநிறுத்தமும் அவ்வப்போது வரும். கப்பல் ஒரு நாள் நின்றாலும் விமானம் தப்பாத அளவுக்கு இடைவெளி விடுங்கள். அந்த ஒரு நாள் மிஞ்சினால் காலையில் முதல் ஆளாக அக்ரோபோலிஸுக்கு ஏறிவிடலாம், அதற்கான நேரச் சீட்டை இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும். தேதியும், எட்டுப் பேரும் வருவதும் முடிவானதும் எழுதுங்கள். பிளாக்காவுக்கும் அகியா அன்னாவுக்கும் இடையில் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வீடுகளின் இருப்பிடத்தைச் சொன்னால் எது காற்றுக்கு மறைவு, எது நடைக்கு வசதி என்று பார்த்துச் சொல்கிறேன்.